எந்த முனையைப் பிடித்தால் மின் கிரிட் விழாமல் நிற்கும்?

“ஒரு வலைப்பின்னலில் சில முனைகளை மட்டும் பிடித்துக்கொண்டால் முழு வலைப்பின்னலையும் நம் விருப்பப்படி நடத்தலாம் என்று படித்தேன். அது உண்மையென்றால் மின்கட்டமைப்பு ஏன் சரிந்து விழுகிறது? செயற்கை நுண்ணறிவைக் கொண்டு அந்த முனைகளைக் கண்டுபிடித்துவிட முடியாதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிப்பதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். நான் புரிந்துகொண்ட வரையில், உங்கள் கேள்வியின் அடியில் இருப்பது இது: ஆயிரக்கணக்கான பாகங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஓடும் ஒன்றை ஒருவர் கட்டுப்படுத்த முடியுமா, முடியும் என்றால் எங்கே கை வைக்க வேண்டும்? கணிதம் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. மின் உற்பத்தியையும் தேவையையும் நொடிக்கு நொடி ஈடுகட்டும் கட்டுப்பாட்டு அறையான லோடு டெஸ்பாட்ச் சென்டரில் முப்பது வருடம் ஷிஃப்ட் பார்த்தவன் என்ற முறையில் என்னிடம் வேறொரு பதில் இருக்கிறது. இரண்டும் மோதிக்கொள்ளவில்லை. ஆனால் இரண்டும் ஒரே கேள்விக்கான பதில்களும் அல்ல.

நீங்கள் படித்தது அநேகமாக 2011-இல் ‘நேச்சர்’ இதழில் லியூ, ஸ்லோட்டீன், பராபாசி மூவரும் எழுதிய ஆய்வாகவோ, அதை வைத்து யாரோ எழுதிய கட்டுரையாகவோ இருக்கும். அதன் வேர் பழையது. 1960-களின் தொடக்கத்தில் ருடால்ஃப் கால்மன், ஒரு நேரியல் அமைப்பை (உந்துதல் இரட்டித்தால் விளைவும் இரட்டிக்கும் அமைப்பை) எந்த நிலையிலிருந்தும் எந்த நிலைக்கும் கொண்டுபோக முடியுமா என்று சோதித்துப் பார்க்க ஓர் அணிக் (மேட்ரிக்ஸ்) கணக்கைக் கொடுத்தார். 1974-இல் லின் என்பவர், இணைப்புகளின் வலிமை எவ்வளவு என்று தெரியாவிட்டாலும், யார் யாரோடு இணைந்திருக்கிறார்கள் என்ற படம் மட்டும் இருந்தாலே பெரும்பாலும் விடை சொல்லிவிடலாம் என்று காட்டினார். 2011 ஆய்வு இதைப் பெரிய வலைப்பின்னல்களுக்கு நீட்டியது. முனைகளை ஒன்றோடொன்று ஜோடி சேர்த்துக்கொண்டே போனால் எவற்றுக்கு ஜோடி கிடைக்கவில்லையோ அவற்றை வெளியிலிருந்து ஓட்ட வேண்டும் என்பது அதன் சாரம். அவற்றை ‘ஓட்டுநர் முனைகள்’ என்று சொல்லலாம். இந்த ஓட்டுநர் முனைகள் பெரும்பாலும் நிறைய இணைப்புள்ள பெரிய முனைகளைத் தவிர்த்தே அமைகின்றன என்று கண்டார்கள். பலருக்கு அது ஆச்சரியமாக இருந்தது. மரபணு ஒழுங்கு வலைப்பின்னல்களில் கிட்டத்தட்ட 80 விழுக்காடு முனைகளை ஓட்ட வேண்டியிருக்கும் என்றும் கணக்கு வந்தது. ‘சில முனைகள் போதும்’ என்ற செய்தி எல்லா வலைப்பின்னலுக்கும் பொருந்தாது என்பதை அந்த ஆய்வே சொல்கிறது.

இதில் உறுதியானது கணிதம். நேரியல் என்ற நிபந்தனைக்குள் அந்தத் தேற்றங்களில் ஓட்டை இல்லை. சந்தேகத்துக்கு உரியது, அந்த எண்களுக்கு நிஜ உலகில் என்ன பொருள் என்பது. 2012-இல் வேறு சிலர் ஒரு நியாயமான கேள்வி எழுப்பினார்கள்: ஒவ்வொரு முனைக்கும் தன்னளவில் ஓர் இயக்கம் உண்டே, தள்ளிவிட்டால் தானாக அடங்கும் தன்மை உண்டே, அதைச் சேர்த்துக்கொண்டால்? சேர்த்துப் பார்த்தபோது, பல வலைப்பின்னல்களுக்கு ஒரே ஓர் உள்ளீடு போதும் என்று கணக்கு மாறியது. ஒரு சிறிய அனுமானத்தில் 80 விழுக்காடு ஒன்றாகச் சுருங்குகிறது என்றால் அந்த எண்ணின் மேல் வீடு கட்டக் கூடாது. அடுத்து, ஆற்றல் பற்றிய ஆய்வுகள் வந்தன. சில முனைகளிலிருந்து முழு வலைப்பின்னலையும் நகர்த்தலாம் என்றாலும், முனைகளின் எண்ணிக்கை குறையக் குறையத் தேவைப்படும் உந்துதல் கற்பனைக்கு எட்டாத அளவுக்கு ஏறிவிடுகிறது. கோட்பாட்டில் ‘முடியும்’ என்ற சொல்லுக்குள் எல்லையற்ற ஆற்றலும் பிழையில்லாத அளவீடும் மறைந்திருக்கின்றன. இதற்காக அந்த ஆய்வைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. 302 நரம்பணுக்கள் கொண்ட ஒரு நூற்புழுவின் நரம்பு வரைபடத்தை வைத்து, எந்த அணுக்கள் போனால் புழுவின் நகர்வு பாதிக்கும் என்று இதே வழியில் கணித்தார்கள். அதுவரை நகர்வில் பங்கு இருப்பதாகத் தெரியாத ஓர் அணுவும் அந்தப் பட்டியலில் வந்தது. லேசரால் அதை அழித்துப் பார்த்தபோது கணிப்பு சரியாக இருந்தது. 2017-இல் வெளியான அந்த ஆய்வைப் படித்தபோது நான் உண்மையிலேயே வியந்தேன். உயிரியல் என் துறை இல்லை, படித்ததைத்தான் சொல்கிறேன்.

என் துறைக்கு வருகிறேன். தேரோட்டம் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். ஆனால் நான்கு வீதிகளின் முக்கில் தேரைத் திருப்புவது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிற சிலர். ‘சில முனைகள் போதும்’ என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தச் சிலரால் தேரை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோக முடியாது. இழுவை எந்தப் பக்கம் எவ்வளவு என்று அவர்கள் கைக்கும் கண்ணுக்கும் தெரிகிறது. தேர் வீதியை விட்டு இறங்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். மின்கட்டமைப்பை நடத்துவதும் அப்படித்தான். எங்களில் யாரும் கிரிட்டை ‘எந்த நிலைக்கும்’ கொண்டுபோக நினைத்ததில்லை. ஒரே ஒரு குறுகிய நிலையில், மின்னலை நொடிக்கு ஐம்பது முறை சுழலும் 50 ஹெர்ட்ஸ் ஃப்ரீக்வென்சியை ஒட்டி, நிற்க வைக்கத்தான் இத்தனை பாடும்.

மின்சாரத்தை அப்படியே குவித்து வைக்க முடியாது. இந்த நொடி எவ்வளவு செலவாகிறதோ அவ்வளவு இந்த நொடியே உற்பத்தியாக வேண்டும். செலவு கூடினால் சுழலும் இயந்திரங்களின் வேகம் லேசாகக் குறையும். அதுவே ஃப்ரீக்வென்சி இறங்குவது. செலவு குறைந்தால் ஏறும். இங்கே கவனிக்க வேண்டிய அதிசயம், இந்த ஒரே எண் கட்டமைப்பின் மூலைமுடுக்கெல்லாம் ஒன்றுதான். ஆனைமலையில் கடம்பாறை நீர்மின் நிலையத்தில் இருப்பவருக்கும், உத்தரப் பிரதேசத்தில் அனல்மின் நிலையத்தில் இருப்பவருக்கும், உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டுக்கும் அதே எண். யாரும் யாருக்கும் போன் செய்யத் தேவையில்லை. நாடு முழுவதற்குமான பற்றாக்குறை எவ்வளவு என்ற செய்தி ஒவ்வொரு முனைக்கும் இலவசமாக, உடனடியாகக் கிடைக்கிறது. மனிதர் கட்டிய வேறெந்தப் பெரிய வலைப்பின்னலுக்கும் இந்தப் பாக்கியம் இல்லை என்றே நினைக்கிறேன். சாலைப் போக்குவரத்தில் அண்ணா சாலையில் நிற்கும் ஒருவருக்குத் தாம்பரத்து நெரிசலை அவர் வண்டி தானாகச் சொல்லாது.

ஒவ்வொரு டர்பைனிலும் இருக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியான கவர்னர் இந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஃப்ரீக்வென்சி இறங்கினால் வால்வைத் திறக்கும், ஏறினால் மூடும். ஆனால் எவ்வளவு திறக்க வேண்டும் என்பதில்தான் நுட்பம். ஒவ்வோர் இயந்திரமும் ‘நானே இதை முழுவதும் சரிசெய்கிறேன்’ என்று கிளம்பினால் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டு மேலும் கீழும் ஆடும். அதனால் கவர்னருக்கு வேண்டுமென்றே ஒரு விட்டுக்கொடுப்பை வைக்கிறோம். ட்ரூப் என்போம். 5 விழுக்காடு ட்ரூப் என்றால், ஃப்ரீக்வென்சி 5 விழுக்காடு மாறினால்தான் இயந்திரம் தன் முழுத் திறனளவு மாறும். கொஞ்சம் இறங்கினால் கொஞ்சம்தான் கொடுக்கும். எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் கொடுப்பதால் பாரம் தானாகப் பங்கிடப்படுகிறது. மிச்சமிருக்கும் பிழையைப் பிறகு மெதுவாக மத்திய கட்டுப்பாடு சரிசெய்கிறது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பணியில் சேர்ந்த புதிதில் ஒரு மாலை, ஃப்ரீக்வென்சி இறங்க ஆரம்பித்ததும் பதறிப்போய் மூன்று மின்நிலையங்களுக்கு அடுத்தடுத்து போன் போட்டு உற்பத்தியைக் கூட்டச் சொன்னேன். முதல் நிலையம் ஏறும் வரைகூடக் காத்திருக்கவில்லை. கொதிகலன் சூடேறி நீராவி வர நேரமாகும். அந்தத் தாமதத்தை ‘அவர்கள் செய்யவில்லை’ என்று தவறாக எடுத்துக்கொண்டேன். பதினைந்து நிமிடத்தில் மூன்றும் சேர்ந்து ஏறி, ஃப்ரீக்வென்சி எதிர்ப்பக்கம் போய்விட்டது. என் மூத்தவர் கோபப்படவில்லை. “தம்பி, ஒரு போன் போட்டா கைய கட்டிக்கிட்டு உக்காரு. நீ சொன்னது ஊர் போய்ச் சேர நேரம் ஆகும்” என்றார். தாமதமாக வரும் பதிலுக்கு அவசரமாக எதிர்வினை செய்தால் ஆட்டம் பெருகும் என்பது கட்டுப்பாட்டுக் கோட்பாட்டின் பாலபாடம். எனக்கு அது அவர் குரலில்தான் பதிந்திருக்கிறது.

மனிதர்களையும் மாநிலங்களையும் கொண்ட வலைப்பின்னலுக்கும் இந்த எண் உதவியது. 2002 வரை தென் மாநிலங்களின் கிரிட்டான தென்மண்டலத்தில் மாலை உச்ச நேரத்தில் ஃப்ரீக்வென்சி 48 ஹெர்ட்ஸை ஒட்டித் தவழ்வது வாடிக்கை. ஒவ்வொரு மாநிலமும் தன் பங்குக்கு மேல் எடுக்கும்; ‘குறையுங்கள்’ என்று நாள் முழுக்க எச்சரிக்கை போகும்; யாரும் குறைக்க மாட்டார்கள். 2003 ஜனவரி முதல் தேதி தென்மண்டலத்தில் ஏ.பி.டி. என்ற கட்டண முறை வந்தது. ஒப்புக்கொண்ட அளவைவிட அதிகமாக எடுத்தால் அந்த நேரத்து ஃப்ரீக்வென்சியைப் பொறுத்து விலை; எண் இறங்க இறங்க விலை ஏறும். குறைவாக எடுத்தவருக்கு அந்தப் பணம் போகும். யாரும் யாருக்கும் கட்டளையிடவில்லை. சுவரில் இருக்கும் அந்த எண்ணைப் பார்த்து ஒவ்வொரு கட்டுப்பாட்டு அறையும் தன் கணக்கைத் தானே போட்டுக்கொண்டது. எண் எவ்வளவு சீக்கிரம் மேலே வந்தது என்பதை அந்த நாட்களில் ஷிஃப்டில் இருந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். எத்தனை அதிகாரம் கொடுத்திருந்தாலும் ஒரு மைய அலுவலகத்தால் அதைச் சாதித்திருக்க முடியாது என்பது என் திடமான எண்ணம்.

இப்போது உங்கள் கேள்வியின் கூர்மையான பகுதி. இவ்வளவு நன்றாக இருந்தால் ஏன் விழுந்தது? 2012 ஜூலை 30, அதிகாலை 2 மணி 33 நிமிடம். வடமண்டலக் கிரிட் சரிந்தது. ஏறத்தாழ 36,000 மெகாவாட் சுமை, அதாவது மக்கள் இழுத்துக்கொண்டிருந்த மின்சாரம், போயிற்று. நரோரா அணுமின் நிலையம், பதர்பூரைச் சுற்றிய பகுதி போன்ற, தனித்து இயங்கிய சில தீவுகள் மட்டும் மிஞ்சின. அன்று மாலைக்குள் எல்லாவற்றையும் எழுப்பினார்கள். மறுநாள் பகல் ஒரு மணிக்கு மறுபடியும் விழுந்தது. இந்த முறை வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும். சுமார் 48,000 மெகாவாட். அறுபது கோடி மக்கள் வாழும் நிலப்பரப்பு அது. சுரங்கத்துக்குள் தொழிலாளர்கள், தண்டவாளத்தின் நடுவில் ரயில்கள். நான் வேறு மண்டலத்தில் இருந்தேன். திரையில் அந்தப் பக்கத்து எண்கள் ஒவ்வொன்றாக அணைவதைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

விசாரணைக் குழுவின் அறிக்கை பொதுவெளியில் இருக்கிறது, தேடிப் படியுங்கள். அதில் உறுதியாகத் தெரிவது இது. அந்த நாட்களில் மண்டலங்களுக்கு இடையிலான பல லைன்கள் பல காரணங்களால் இயக்கத்தில் இல்லை. மேற்கையும் வடக்கையும் இணைக்கும் முக்கிய ஏ.சி. (மாறுதிசை மின்) பாதையாக பீனா – குவாலியர் – ஆக்ரா 400 கேவி லைனின் ஒரே ஒரு சர்க்யூட் மிஞ்சியிருந்தது. மற்றொன்று 765 கேவி-க்கு உயர்த்தும் வேலைக்காக நிறுத்தப்பட்டிருந்தது. வடக்கில் சில மாநிலங்கள் ஒப்புக்கொண்டதைவிட அதிகம் இழுத்துக்கொண்டிருந்தன. அந்த ஒற்றை லைனில் மின்னோட்டம் கூடியது, மின்னழுத்தம் இறங்கியது. லைனைக் காக்கும் தூர ரிலே, அதாவது பழுது கண்டால் லைனைத் தானாகத் துண்டிக்கும் கருவி, அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்துப் பார்த்துத்தான் பழுது எங்கே என்று முடிவு செய்யும். அழுத்தம் குறைந்து ஓட்டம் கூடினால், எங்கோ தூரத்தில் லைன் பழுதாகியிருப்பதுபோலவே அதற்குத் தெரியும். பழுது எதுவும் இல்லை. ரிலே தனக்குச் சொல்லப்பட்டபடி லைனைத் திறந்துவிட்டது. அந்தச் சுமை கிழக்கைச் சுற்றிக்கொண்டு வடக்குக்குப் போக முயன்றது. வழியிலுள்ள லைன்களில் மின்னோட்டம் ஊசலாடியது. அவையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. தனித்துவிடப்பட்ட வடக்கில் உற்பத்தி போதாமல் ஃப்ரீக்வென்சி வீழ்ந்தது. மறுநாள் நடந்ததும் அதே லைனில்தான் தொடங்கியது.

சரிவுக்குச் சற்று முன்பு ஃப்ரீக்வென்சி எவ்வளவு இருந்தது தெரியுமா? முதல் நாள் கிட்டத்தட்ட 49.7. அன்றைய வழக்கத்துக்கு அது பயப்பட வேண்டிய எண்ணே இல்லை. நாங்கள் பத்து வருடமாக நம்பிக்கொண்டிருந்த அந்த ஒரே எண், மொத்த உற்பத்திக்கும் மொத்தச் செலவுக்குமான இடைவெளியைச் சொல்லும். எந்த லைன் மூச்சுத் திணறுகிறது என்பதைச் சொல்லாது. மின்சாரம் நாம் போட்ட ஒப்பந்தப்படி ஓடாது, இருக்கிற எல்லாப் பாதைகளிலும் தானாகப் பிரிந்து ஓடும் கிர்க்காஃப் விதிப்படிதான் ஓடும். ஒரு லைனைத் திறந்தால் அதன் சுமை எங்கெங்கோ இருக்கும் லைன்களில் போய் ஏறும். இந்தச் செய்தி எந்த முனைக்கும் தானாகத் தெரிவதில்லை. ஒவ்வொரு முனையும் தனக்குத் தெரிந்ததை வைத்துச் சரியாகவே நடந்துகொண்டது, முழுவதும் விழுந்தது. முப்பது வருடத்துக்குப் பின் நான் வந்து சேர்ந்த இடம் இதுதான். எந்த முனையைப் பிடிப்பது என்பது இரண்டாவது கேள்வி. ஒவ்வொரு முனைக்கும் எது தெரிகிறது, எது தெரியவில்லை என்பது முதல் கேள்வி. 2012-க்குப் பிறகு நாடு முழுக்க ஃபேசர் அளவீட்டுக் கருவிகளை அதிக எண்ணிக்கையில் நிறுவியது இதனால்தான். இரண்டு ஊர்களுக்கு இடையிலான கோண வேறுபாட்டை அவை ஒரே கடிகாரத்தில் அளந்து சொல்லும். இடையிலுள்ள பாதை எவ்வளவு இறுக்கத்தில் இருக்கிறது என்பதை அந்தக் கோணம் காட்டிக்கொடுக்கும்.

கடைசிக் காவலாக ஒன்று இருந்திருக்க வேண்டும். ஃப்ரீக்வென்சி மிகவும் இறங்கினால் படிப்படியாகச் சில ஃபீடர்களை (ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் லைன்களை) தானாக வெட்டிவிடும் ரிலேக்கள் எல்லா மாநிலங்களிலும் உண்டு. அவை 2012-இல் வடக்கில் போதிய நிவாரணம் தரவில்லை என்று அறிக்கை சொல்கிறது. எனக்கு அது ஆச்சரியம் தரவில்லை. அதற்குச் சில வருடங்கள் முன்பு ஒரு துணை மின்நிலையத்தில் ஆய்வுக்குப் போயிருந்தேன். காகிதத்தில் அந்த ரிலே பன்னிரண்டு மெகாவாட்டை வெட்டும் என்று இருந்தது. போய்ப் பார்த்தால் அது இணைக்கப்பட்டிருந்தது ஒரு விவசாய ஃபீடரில். அன்றைய முறைப்படி மும்முனை சப்ளை இல்லாத நேரங்களில் அதில் சுமையே கிடையாது. ரிலே அதன் வேலையைச் செய்யும். வெட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. ‘இருக்கிறது’ என்று எழுதப்பட்ட பாதுகாப்புக்கும் தேவைப்படும் நொடியில் கிடைக்கும் பாதுகாப்புக்கும் உள்ள தூரத்தை எந்த வலைப்பின்னல் வரைபடமும் காட்டாது. இதைச் சொல்லும்போது இன்றும் எனக்கு ஆற்றாமைதான்.

அந்த இரண்டு நாளும் தென்மண்டலம் விழவில்லை. நாங்கள் கெட்டிக்காரர்கள் என்பதால் அல்ல. அன்று தெற்கு மற்ற மண்டலங்களோடு தால்சேர் – கோலார் போன்ற உயரழுத்த டி.சி. (நேர்திசை மின்) இணைப்புகளால் மட்டும் சேர்ந்திருந்தது. டி.சி. இணைப்பில் எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கலாம். அந்தப் பக்கத்து ஆட்டம் இந்தப் பக்கம் வராது. அப்படியானால் அந்தச் சுவரை அப்படியே வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். அதே 2012-இல் தமிழ்நாடு மின்வெட்டில் தவித்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வடக்கிலும் மேற்கிலும் உபரி இருந்த நேரங்களில்கூட அதைத் தெற்குக்குக் கொண்டுவரப் போதுமான பாதை இல்லை. ஆட்டத்தைத் தடுத்த அதே சுவர் உதவியையும் தடுத்தது. 2013 டிசம்பர் 31-ஆம் தேதி ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கேவி லைன் வழியாகத் தெற்கும் ஒரே ஃப்ரீக்வென்சிக்குள் வந்தது. இணைப்பைக் கூட்டினால் பலமும் கூடும், ஆபத்து பரவும் வழியும் கூடும். இரண்டையும் பிரித்து ஒன்றை மட்டும் வாங்க முடியாது. சரியான முடிவு என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் எங்கே வெட்டினால் எந்தத் துண்டு தனியாகப் பிழைக்கும் என்ற திட்டம் கையில் இருந்தால்தான் அது சரியான முடிவு.

நீங்கள் சொன்ன ‘சில முனைகள்’ உண்மையிலேயே வேலை செய்த ஒரு நாளையும் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரல் 5, இரவு 9 மணிக்கு நாடு முழுக்க ஒன்பது நிமிடம் விளக்கை அணைக்கச் சொன்ன நாள். 12,000 முதல் 14,000 மெகாவாட் குறையும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். ஆனால் 31,000-க்கும் மேல் குறைந்துவிட்டது. மதிப்பீட்டைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகம். ஆனாலும் ஃப்ரீக்வென்சி 49.7-க்கும் 50.26-க்கும் இடையிலேயே நின்றது. காரணம், நீர்மின் நிலையங்களை முன்கூட்டியே ஏற்றி வைத்து, விளக்குகள் அணைய அணைய வேகமாக இறக்கினார்கள். குறைப்பில் 17,000 மெகாவாட்டுக்கும் மேல் நீர்மின்சாரத்தின் பங்கு. மொத்த மின்நிலையங்களில் அவை கொஞ்சம்தான். ஆனால் நிமிடங்களில் ஏறி இறங்கக் கூடியவை அவையே. வரைபடத்தில் அந்த முனைகளுக்கு எத்தனை இணைப்பு என்று எண்ணிப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது. முனைக்குள்ளே என்ன இயக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. முனையின் தன்னியக்கத்தைச் சேர்க்கச் சொன்ன 2012 ஆய்வின் விமர்சனத்தை மேலே சொன்னேன் அல்லவா, என் அனுபவம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. அன்று கேள்வியும் முன்கூட்டியே தெரிந்திருந்தது, தயாராக நாட்களும் இருந்தன. 2012 ஜூலையில் இரண்டும் இல்லை.

வேறு வலைப்பின்னல்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒன்றை மட்டும் தொடுகிறேன். பெரியம்மையை ஒழிக்க முதலில் எல்லோருக்கும் அம்மை குத்திவிடுவது என்றே முயன்றார்கள்; மக்கள் நெருக்கமான நம் நாட்டில் அது போதவில்லை. பிறகு நோயாளி எங்கே என்று வீடு வீடாகத் தேடி, அவரைச் சுற்றியிருப்பவர்களுக்கு உடனே தடுப்பூசி போட்டு வளையம் கட்டினார்கள். இந்தியாவில் கடைசி நோயாளி 1975 மே மாதத்தில் கண்டறியப்பட்டார். முழு வலைப்பின்னலின் படம் யாரிடமும் இல்லை. பரவல் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதும், அந்த இடத்தில் வெட்டுவதும் போதுமானதாக இருந்தது. மின்சாரமும் அம்மையும் ஒன்றல்ல. ஆனால் ‘முதலில் பார், பிறகு வெட்டு’ என்ற வரிசை எனக்கு மிகவும் பழக்கமானதாகத் தெரிகிறது.

செயற்கை நுண்ணறிவு: நாளைய சுமை எவ்வளவு, ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்று எத்தனை மணிக்கு எழும், எவ்வளவு தரும் என்று கணிப்பதில் அது உதவுகிறது, இதில் சந்தேகம் இல்லை. ஆனால் சரிவின்போது முடிவெடுக்கக் கிடைப்பது சில நொடிகள், சில நேரம் அதற்கும் குறைவு. அந்த இடத்தில் ரிலேயின் எளிய விதிதான் நிற்கிறது. ஏன் அப்படி முடிவெடுத்தது என்று பிறகு விளக்க முடியாத ஒன்றிடம் அந்த இடத்தைக் கொடுக்கலாமா என்பதில் துறைக்குள்ளேயே கருத்து ஒன்றுபடவில்லை. என்னைக் கேட்டால் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். முன்னறிவிப்பு வேறு, கத்தியைக் கையில் கொடுப்பது வேறு. அதோடு, பெரும் சரிவுகள் அரிதானவை. அரிதானதிலிருந்து கற்றுக்கொள்ள அதற்குப் போதிய உதாரணங்கள் கிடைக்காது.

நீங்கள் இதைத் தொடர்ந்து படிக்க விரும்பினால், கால்மனின் சோதனையை நான்கு முனை வலைப்பின்னல் ஒன்றுக்குக் கையால் போட்டுப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு முனைக்கும் தன்னியக்கம் சேர்த்து மறுபடி போடுங்கள். விடை எப்படி மாறுகிறது என்று கண்ணால் கண்டால்தான் நான் மேலே சொன்ன சந்தேகம் உங்களுடையதாகும். இன்னொன்று, தேசிய லோடு டெஸ்பாட்ச் மையத்தின் இணையதளத்தில் ஃப்ரீக்வென்சி நேரலையாக ஓடுகிறது. இந்தியாவில் நாளைப் பதினைந்து நிமிடங்களாக 96 துண்டுகளாக்கி உற்பத்தி அட்டவணை போடுகிறார்கள். ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் நேரத்தில், குறிப்பாக மணி மாறும்போது, அந்த எண்ணைக் கவனியுங்கள். பல மாநிலங்களில் விவசாய ஃபீடர்களின் நேரமும் மணிக் கணக்கில்தான் மாறும். ஒரு வாரம், விடியற்காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, குறித்து வைத்துப் பாருங்கள். எந்த நேரத்தில் துள்ளுகிறது, எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது, அடக்கியது யாராக இருக்கும் என்று நீங்கள் நினைத்ததை இங்கேயே எழுதுங்கள். பார்க்கிறேன்.